சிசிலித் தீவுப் பயணமும் பத்தொன்பதாம் உருப்படியும்

தீவுகளை வென்ற மாவீரர்கள் உலக வரலாற்றில் பலர் உண்டு. அவர்களெல்லாம் கப்பலேறிப் போய் வென்றார்கள். வீட்டு வாசலைத் தாண்டாமல், பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே ஒரு தீவை மூலைமுடுக்கெல்லாம் வென்று முடித்த பெருமை, ராயபுரம் கல்மண்டபத்தில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் சண்முகவேல் அண்ணாச்சிக்கும் அவருடைய இரு தோழர்களுக்கும் மட்டுமே உரியது.

கடைக்கு மேல்மாடியில் இருந்த அண்ணாச்சி வீட்டு ஹாலில் ‘சிசிலித் தீவு வாகனச் சுற்றுலா உயர்மட்டத் திட்டக் குழு’ ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடியது. மூன்று தம்பதிகள், ஒரு வேன், பதினான்கு நாள், தீவைச் சுற்றி ஒரு முழு வட்டம். இதுதான் திட்டம். அண்ணாச்சி தலைவர். துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கும் எபினேசர் செயலாளர். எண்ணூரில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டும் பீம்ராவ் வாகன உபகுழுவின் தலைவரும் ஒரே உறுப்பினரும் ஆவார்.

பீம்ராவின் மனைவி எழில்மொழி திருவொற்றியூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தி அறுநூறு பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளை உபகுழுவில் சேர்ப்பது பற்றி யாருக்கும் தோன்றவில்லை. மனைவியர் மூவருக்கும் ‘சிறப்பு அழைப்பாளர்’ என்ற உயரிய தகுதி வழங்கப்பட்டிருந்தது. டீ தீர்ந்ததும் அழைக்கப்படுவார்கள்.

அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி எட்டு மாதமாக இந்தத் தகுதியைக் கட்டிக் காத்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கடைக்கு லீவு கிடையாது, அதனால் அவளுக்கும் கிடையாது. கடல் கூப்பிடுதூரத்தில்தான் இருந்தது, ஆனால் அவளுக்கும் கடலுக்கும் நடுவே துறைமுகத்தின் மதில் இருந்தது. சிசிலி என்ற பெயரைக் கேட்டதிலிருந்து அவளுக்குள் ஒரே ஒரு ஆசை முளைத்திருந்தது. ஏதாவது ஒரு கடையில் உட்கார வேண்டும், யாரோ சமைத்ததைத் தின்ன வேண்டும், தின்ற தட்டைக் கழுவாமல் எழுந்து போய்க் கடலில் கால் நனைக்க வேண்டும். வெட்கமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை.

குழுவின் ஆழ்ந்த ஆராய்ச்சிக்கு ஐந்தாவது கூட்டமே சான்று. அன்று பீம்ராவ் சாலை அறிக்கையைத் தாக்கல் செய்தார்.

“எண்ணூர் ரோட்ல நான் இருவது வருசமா வண்டி ஓட்டிகினு கீறேன் அண்ணாச்சி. ஆர்பர் எங்க கீதோ அங்க கன்டெய்னர் லைன் நிக்கும். அந்தத் தீவுல நாலு ஆர்பர் கீது. ஒவ்வொண்ணாண்டயும் ஒரு நாள் நிப்பாட்டுவான். தண்ணி கேன், பாய், பக்கெட்டு எல்லாம் வண்டில ஏத்திக்கணும்.”

“அங்க லைன் கிடையாதுன்னு நெட்ல போட்டிருக்கே?” என்றார் எபினேசர்.

“நெட்ல இன்னா வோணா போடுவான். லைன்ல நின்னவனுக்குத்தான் அந்தப் பேஜாரு தெரியும்.”

துறைமுக வாசல்களில் லாரி வரிசையில் நிற்பதற்கென்று நான்கு நாள் ஒதுக்கப்பட்டது. அடுத்து உணவு. இதற்கு மட்டும் மூன்று கூட்டம் ஆனது.

“அங்க சோறு கெடைக்குமாவே?” என்று தலைவர் கவலையோடு கேட்டார்.

“மைதா மாவுதான் அண்ணாச்சி. அதுலயும் ரொட்டி மாதிரி தட்டி மேல தக்காளியத் தேச்சுக் குடுக்கான்” என்றார் செயலாளர்.

“பதினாலு நாளைக்கா? வயிறு என்னத்துக்காவும்! யாவாரி சங்கத்து ஆளுவளோட காசிக்குப் போனப்ப பஸ்ஸுலேயே சமையல்காரரு, அடுப்பு, அண்டா எல்லாம் கொண்டுபோனோம்லா? ஒரு வேளை வெளிய சாப்பிட்டோமா?”

“அது சரி. சமையல்காரருக்கும் விசா எடுக்கணுமே.”

தலைவர் சிரித்தார். “எதுக்கு? மூணு பேரு சும்மா நம்ம கூடத்தான வாறாங்க.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ‘தாய்க்குலத்தின் மனமுவந்த ஒப்புதல் பெறப்பட்டது’ என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதினார். தாய்க்குலம் அப்போது உள்ளே வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தது.

இங்கே எபினேசரின் தொழில் திறமையைச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் ஒரு காகிதம் குறைந்தால் சரக்கு நகராது. ஒரு காகிதம் கூடினால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். முப்பது வருடம் இந்த வேதத்தை ஓதியவர் அவர். கன்டெய்னருக்குப் போடுவதுபோலவே பயணத்துக்கும் ஒரு சரக்குப் பட்டியல் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு உருப்படி. அதை விசா விண்ணப்பத்தோடு ‘ஏழாம் இணைப்பு’ என்று சேர்த்துப் பின் அடித்து முத்திரையும் குத்தினார். சுற்றுலா விசாவுக்கு இப்படியோர் இணைப்பைத் தூதரகம் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுப்பவன்தானே நல்ல ஏஜெண்டு!

பட்டியலின் பிரதி ஒன்று பஜ்ஜி எண்ணெய் ஒற்றுவதற்காகச் சமையலறைக்கு வந்தது. செல்லக்கனி அதைத் தட்டில் விரிக்கும்போது தன் பெயரைப் பார்த்தாள்.

‘18. குக்கர், ஐந்து லிட்டர். 19. செல்லக்கனி (சமையல், 14 நாள்). 20. எழில்மொழி (காய் நறுக்குதல், பாத்திரம்). 21. பினாயில். 22. ஷிஜி (துணி, இட்லி மாவு).’

எழில்மொழி எட்டிப் பார்த்தாள். “அய்ய, இன்னாக்கா இது கலீஜா! எனுக்கும் ஷிஜிக்கும் நடுவுல பினாயில வெச்சிகிறாங்க.”

எபினேசரின் மனைவி ஷிஜி காகிதத்தை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். செல்லக்கனிக்கு வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருந்தாலும் பஜ்ஜி கருகிவிடும் என்பதால் முதலில் அதைத் திருப்பிப் போட்டாள்.

விசா விண்ணப்பம் போன பத்தாம் நாள், தூதரகத்திலிருந்து தமிழ் பேசும் பெண் ஒருத்தி ஒவ்வொருவராகப் போனில் அழைத்தாள். கேள்வி ஒன்றுதான்: அந்தத் தீவில் நீங்கள் பார்க்க விரும்புவது என்ன?

எட்டு மாதமாக, முப்பத்திரண்டு கூட்டங்களில், இந்தக் கேள்வி மட்டும் எழவேயில்லை. எபினேசர், “ஏழாம் இணைப்பப் பாருங்க மேடம்” என்றார். பீம்ராவ், “அத்த செயலாளராண்ட கேளும்மா” என்றார். அண்ணாச்சி சற்று யோசித்து, “வேன் நிப்பாட்ட எடமெல்லாம் பாத்து வச்சிருக்கோம்” என்று கம்பீரமாகச் சொன்னார்.

செல்லக்கனிக்குப் போன் வந்தபோது அண்ணாச்சி மதியச் சாப்பாட்டில் இருந்தார். சோற்றுக் கையோடு பாய்ந்து ஸ்பீக்கரைப் போட்டார்.

“மேடம், பட்டியல்ல பத்தொன்பதாவது உங்க பேரு. குக்கருக்குப் பக்கத்துல இருக்கு. சமையல், பதினாலு நாள்னு போட்டிருக்கு. நீங்க அங்க வேலைக்குப் போறீங்களா, இல்ல ஏதாவது பாக்கவா?”

அண்ணாச்சி இடது கையால் ஒரு துண்டுச் சீட்டை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். ‘குடும்பத்துடன் இன்பச் சுற்றுலா’ என்று, தங்கள் போன்கள் முடிந்தபின் குழு அவசரமாக அங்கீகரித்த விடை அதில் இருந்தது. அதைப் படித்தால் எல்லோரும் போகலாம், தீவில் போய் அவள் குழம்பு வைக்கலாம். செல்லக்கனி சீட்டைப் பார்த்தாள். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

“அது அவிய எழுதுனது தாயி. நான் ஒரு கடையில போயி உக்காருவேன். எவனோ சமைச்சதத் திம்பேன். உப்பு கூடிக் கெடந்தாலும் பரவால்ல. தின்ன தட்ட அப்பிடியே வச்சிட்டு எந்திச்சுப் போயி கடல்ல கால நனைப்பேன்.”

“பதினாலு நாளும் இதேதானா மேடம்?”

“பதினாலு நாளு போதுமான்னு தெரியல. மொத தடவல்லா.”

பாஸ்போர்ட்டுகள் ஒரே நாளில் திரும்பி வந்தன. எரிமலை பார்க்க வேண்டும் என்று சொன்ன ஷிஜிக்கும், வலப்பக்கமாக வண்டி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொன்ன எழில்மொழிக்கும், செல்லக்கனிக்கும் விசா கிடைத்திருந்தது. குழு உறுப்பினர் மூவருக்கும் ஆளுக்கொரு கடிதம் மட்டும் இருந்தது. ‘பயணத்தின் நோக்கம் நம்பும்படி நிறுவப்படவில்லை.’

அவசரக் கூட்டம் கூடியது. பயணத்தை ஒத்திவைப்பதாகத் தீர்மானம் கொண்டுவந்தார் தலைவர். அதைப் பீம்ராவ் வழிமொழியும்போது எழில்மொழி உள்ளே வந்தாள்.

“யோவ், அந்த வேன் நிப்பாட்டுற எடம் லிஸ்ட்டு குடு. அது ஒண்ணு உருப்படியா போட்டுகீற.”

“நீங்க போனா இங்க சாப்பாட்டுக்கு நாங்க என்ன செய்ய?” என்று அண்ணாச்சி செல்லக்கனியைப் பார்த்துக் கேட்டார். குரலில் உண்மையான பீதி இருந்தது.

“கூட்டம் போடுங்க” என்றாள் செல்லக்கனி.

பதினெட்டாம் உருப்படியான குக்கரை அலமாரியிலேயே விட்டுவிட்டு, பத்தொன்பதும் இருபதும் இருபத்திரண்டும் விமானம் ஏறின.

அடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் குழு வழக்கம்போல் கூடியது. நாலரை வரை டீ வரவில்லை. நாலே முக்காலுக்குத் தலைவர் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து வீடியோ காலில் மனைவியை அழைத்தார். திரையில் செல்லக்கனி தெரிந்தாள். பின்னால் கடல், முன்னால் காலித் தட்டு. யாரோ ஒருவர் கை நீட்டி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போனார். அவள் அதைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, டீத்தூள் எங்க கெடக்கு?”

“எட்டு மாசமா ஒரு தீவையே தேடிக் கண்டுபிடிச்சீங்கல்லா,” என்றாள். “தேடுங்க.” கால் நனைக்க நேரமாகிவிட்டது என்று போனை வைத்துவிட்டாள்.

சோர்ந்துபோகும் குழுவா அது! உடனே புதிய பயணத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டது. புறப்படும் இடம், ஹால். சேரும் இடம், சமையலறை. தூரம் பதினான்கு அடி, வழியில் கன்டெய்னர் லைன் இல்லை. ஒரே சிக்கல், இந்த இருபத்தாறு வருடத்தில் அந்தப் பாதையில் போய் வந்தவர் குழுவில் ஒருவரும் இல்லை.