கொழும்பா, சிங்கப்பூரா, ஒரு குடம் தண்ணீரா

வாத்தியார் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. கல்யாண வீடானாலும் சரி, கேத வீடானாலும் சரி, கை தானாகச் சாக்பீஸைத் தேடும். இந்த வியாதி எனக்கு நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

சிங்கப்பூர் தனி நாடாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆவுடையார்கோவிலுக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்கேயே ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஒரே மாதத்தில் இரண்டு வரன் வந்தது. ஒரு மாப்பிள்ளைக்குக் கொழும்பில் துணிக்கடையில் வேலை, இன்னொருவருக்குச் சிங்கப்பூரில் மளிகைக்கடையில். இருவரும் லீவில் வந்திருந்தார்கள்.

அம்மா கொழும்புக் கட்சி. "இன்னைக்குக் கப்பல் ஏறினா நாளைக்கு மக மொகத்தைப் பாத்துரலாம்ல" என்றாள். (அம்மா அதுவரை அறந்தாங்கியையே தாண்டியதில்லை.) அப்பா சிங்கப்பூர்க் கட்சி. "கொழும்புலேருந்து சனத்தைத் திருப்பி அனுப்பிக்கிட்டிருக்கான். இவ அங்கிட்டுப் போய் எறங்குறதுக்குள்ள மாப்பிள்ளை இங்கிட்டு வந்து நிப்பாரு" என்றார். சண்டை தீராமல் கடைசியில் என்னிடம் வந்தார்.

"நீதான தாயி பூகோளம் நடத்துறே? ரெண்டு தீவுல எதுல பொழப்பு நல்லாருக்கும்னு நீயே பாத்துச் சொல்லு."

அந்தக் காலத்தில் எந்த அப்பா பெண்ணிடம் இப்படிக் கேட்டார்? எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கரை போய் வந்தவர்கள் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். சிங்கப்பூர்க்காரர்கள் தைலக் குப்பியை முகரக் கொடுத்தார்கள். கொழும்புக்காரர்கள் சோப்பை முகரக் கொடுத்தார்கள். இரண்டு தேசத்து வாழ்க்கைத் தரத்தையும் மூக்காலேயே அளந்துவிட்டுத் தும்மிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

கொழும்பு வீட்டாரைக் காலையிலும் சிங்கப்பூர் வீட்டாரைச் சாயங்காலமும் வரச் சொல்லியிருந்தார் அப்பா. ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. காலை பஸ் அறந்தாங்கி தாண்டியதும் படுத்துவிட்டது. வழியில் நின்ற கொழும்பு வீட்டாரைச் சாயங்கால பஸ் ஏற்றிக்கொண்டது. அதில் ஏற்கெனவே சிங்கப்பூர் வீட்டார் இருந்தார்கள். வெற்றிலையை மாற்றிக்கொண்டு, கப்பல் கதை பேசிக்கொண்டு, ஒன்றாக இறங்கி, ஒன்றாக நடந்து, எங்கள் வாசலில் வந்து நின்ற பிறகுதான், "ஆமா, நீங்க யாரு வீட்டுக்கு?" என்று கேட்டுக்கொண்டார்களாம்.

உள்ளே வந்து உட்கார்ந்ததுமே கொழும்பு மாப்பிள்ளையின் பெரியப்பா வெடித்தார். "என்னங்க இது? ரெண்டு பேத்தையும் ஒண்ணா வரச்சொல்லி ஏலம் போடுறீங்களா?"

அப்பா தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றார். யாருக்கும் தலை குனியாத மனுஷர் என் பொருட்டுக் குனிந்து நிற்கிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. காபித் தட்டோடு வெளியே வந்துவிட்டேன். எதிரே ஜமக்காளத்தில் இரண்டு வரிசையாக ஆட்கள். வியாதி தலைக்கேறியது.

"எல்லாரும் சத்தம் போடாம உக்காருங்க" என்றேன். கோபத்தில் எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள்! "எங்க அப்பா மேல தப்பில்லீங்க. ரெண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பாக்குறது என் வேலை. ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

சிங்கப்பூர் மாப்பிள்ளையின் மாமா முந்திக்கொண்டார். "சிங்கப்பூர்ல சுவிட்சைத் தட்டினா வெளக்கு, சுவிட்சைத் தட்டினா காத்து!"

"கொழும்புல காத்துக்கு எதுக்குங்க சுவிட்சு? கடல்லேருந்து சும்மாவே வருது" என்றார் பெரியப்பா.

"சிங்கப்பூர்ல மாடிக்கு மேல மாடி."

"விழுந்தா யாரு பொறுப்பு?"

"கையைத் தூக்கிட்டுப் பேசுங்க" என்றேன். (சொன்னேனே, பாவி!) பிறகு என் மனசில் இருந்த ஒரே கேள்வியைக் கேட்டேன். "குடிதண்ணிக்கு எம்புட்டுத் தூரம் நடக்கணும்?"

கோடையில் எங்கள் ஊருணி வற்றிவிடும். ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு, குடம் நிறைவதற்குள் பொழுது ஏறிவிடும். விளக்கும் மாடியும் எனக்குப் பாடப்புத்தகச் சமாசாரம். இடுப்பில் குடம் அழுத்திய தழும்புதான் எனக்குத் தெரிந்த வாழ்க்கை.

பெரியவர்கள் இருவரும் மாப்பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். சிங்கப்பூர் மாப்பிள்ளைதான் மெல்ல வாயைத் திறந்தார். "தெருக்குழாய்தாங்க. கடை மாடியில ஒரே ரூம்புல எட்டுப் பேரு இருக்கோம். விடியுமுன்ன வரிசையில நிக்கணும்." மாமா அவர் காலை மிதித்தார்.

"எங்களுக்கும் அதேதாங்க" என்றார் கொழும்பு மாப்பிள்ளை. "ஒங்களுக்குச் சோறாக்க மொறை உண்டா?"

"உண்டுங்க. ஞாயித்துக்கெழம நான்."

"நானுந்தாங்க!"

இருவரும் என்னை மறந்து ஒருவரையொருவர் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தர ஆளில்லாததைப் பேசும்போது இருவருக்கும் குரல் ஒரே மாதிரி இறங்கியது. எனக்கே பாவமாக இருந்தது.

"எட்டுப் பேரு இருக்கிற ரூம்புல பொண்டாட்டியை எங்க வப்பீங்க?" என்று கேட்டேன்.

இரண்டு பக்கமும் ஆச்சரியமாக என்னைப் பார்த்தது. "கூட்டிட்டுப் போறதா?" என்றார் பெரியப்பா. "பொண்ணு இங்கிட்டுத்தானே இருக்கும்? மாமியாருக்குத் துணையா." சிங்கப்பூர் மாமா முதல்முறையாக அவர் சொன்னதை ஆமோதித்தார்.

ஒரு மாதமாக மூக்கு எரிய எரிய நான் ஒப்பிட்ட இரண்டு தீவுகளிலும் எனக்குக் கால் வைக்கவே இடமில்லை! இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்கத் தோன்றாத நானும் ஒரு டீச்சர்.

கேசரியைத் தின்றுவிட்டு எல்லோரும் ஒரே பஸ்ஸில் கிளம்பிப் போனார்கள். போகிற வழியிலேயே பேசி முடித்து, ஆவணியில் சிங்கப்பூர் மாப்பிள்ளையின் தங்கையைக் கொழும்பு மாப்பிள்ளைக்குக் கட்டினார்கள். எங்களுக்கும் பத்திரிகை வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டுப் பாயில் படுத்தவர், எழுந்திருக்க ரெண்டு நாள் ஆயிற்று.

மாப்பிள்ளையைக் கேள்வி கேட்ட பெண் என்று புதுக்கோட்டை வரைக்கும் என் பேர் பரவியது. ஒரு வருஷம் யாரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. பிறகு திருமயம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். தாலுகா ஆபீஸில் கிளார்க். "தாயி, ஒன்னைக் கும்பிடுறேன், வாயை மட்டும் தெறந்துறாத" என்றார் அப்பா. தரையைப் பார்த்தபடியே காபியை நீட்டினேன்.

அவர் டம்ளரை வாங்குமுன் தொண்டையைச் செருமினார். "வீட்டுக்குள்ளயே கெணறு இருக்குங்க. நாந்தான் எறைப்பேன்."

அப்பா அந்த ஒரு வருஷத்தில் அன்றைக்குத்தான் சிரித்தார். நான் அழுதேன், கண்ணீர் கொஞ்சம் காபியிலும் விழுந்தது.

சொன்னபடியே இறைத்தார், மோட்டார் வரும் வரைக்கும். இன்றைக்கு எங்கள் குடும்பத்தில் யாருக்கு வெளிநாட்டு வரன் வந்தாலும், "தண்ணிக்கு எம்புட்டுத் தூரம்?" என்று பிள்ளைகள் என்னைக் கிண்டல் செய்து சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் உள்ளேயிருந்து அவர் குரல் வரும்.

"அது கெடக்கட்டும். மொதல்ல கூட்டிட்டுப் போவாங்களான்னு கேளுங்க."