முதல் புழுவும் மூன்று படியும்

இந்த வருஷம் கொலுப்படியைத் தானே கட்டுவதென்று சுதர்சன் சபதம் செய்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் குக்கர் மூடியைக்கூட ஒழுங்காகப் பொருத்தாதவன். தாரிணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"பக்தி, தாரு."

பக்தியாவது ஒன்றாவது. விஷயம் பரணில் இருந்தது. இன்றைக்கு ஹைதராபாத் தார்நாகாவில் பரம சாதுவான சாஃப்ட்வேர்க்காரன், 1999இல் ‘அழுகல்’ என்ற டெத் மெட்டல் குழுவின் பாடகன். பாடகன் என்றால் அடிவயிற்றிலிருந்து உறுமுகிறவன். அவர்களுடைய முதல் ஆல்பம் ‘முதல் புழு’. அட்டையில் மண்டை ஓடு, அதன் கண்ணுக்குள் ஒரு புழு. முந்நூறு சிடி போட்டார்கள். பதினொன்று போயிற்று, அதுவும் டிரம்ஸ் அடித்தவனின் சித்தப்பா வகையில். மிச்சம் ஆறு பெட்டியாகப் பரண் ஏறியது. கல்யாணத்துக்குப் பிறகு அதன் பெயர் ‘ஆபீஸ் பேக்கப்’.

பத்து வருஷம் கழித்து இப்போது, பின்லாந்திலிருந்து ஒருவன் மெயில் போட்டான். ‘உலகம் காது கொடுக்காமல் விட்ட காவியம். அக்டோபரில் நேரில் வருகிறேன். இருப்பது அத்தனையும் எனக்கு வேண்டும்.’ சுதர்சன் ஆபீஸ் பாத்ரூமில் போய் ஒரு நிமிஷம் உறுமிவிட்டு வந்தான்.

வீட்டுக்கு வந்தால் தாரிணி சொல்கிறாள், "நவராத்திரிக்கு முன்னாடி பரணைக் காலி பண்ணணும். பழசெல்லாம் எடைக்குப் போட்டுடலாம், கபாடிக்காரனுக்கு."

அதனால்தான் சபதம். மூன்று பெட்டி, இரண்டு பெட்டி, ஒரு பெட்டி. மேலே வெள்ளை வேட்டி. ஜம்மென்று மூன்று படி. பொம்மை ஏறிவிட்டால் விஜயதசமி முடியும்வரை யாரும் படியில் கை வைக்கக் கூடாது. இதைவிடப் பத்திரமான லாக்கர் ஹைதராபாத்திலேயே கிடையாது. கட்டி முடித்துக் குளிக்கப் போனான். வந்து பார்த்தால் தாரிணி தசாவதாரத்தை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள்.

ஒன்பது நாளும் அவன் சோபாவில் உட்கார்ந்து படியையே பார்த்தான். பெண்கள் வந்தார்கள், பாடினார்கள், வெற்றிலை பாக்குப் பையோடு போனார்கள். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வேரூன்றிய எதிர்வீட்டு லலிதாம்பாள் மட்டும் அவனை விடவில்லை.

"கூச்சம் நக்கோ, வேணாம் சுதர்சன். கொலுவுக்கு வந்தா எல்லாரும் பாடணும். ரெண்டு வரி பாடுப்பா."

"அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு மாமி," என்றாள் தாரிணி. "பத்து வருஷமா."

சுதர்சனுக்குச் சுண்டல் புரையேறியது. ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பாள் என்று தேற்றிக்கொண்டான்.

விஜயதசமிக்கு மறுநாள் பொம்மைகள் இறங்கின. வேட்டியை உருவி முதல் பெட்டியைப் பிரித்தான். உள்ளே அவனுடைய பழைய ஜாவா புத்தகங்கள். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதில் பேப்பர் கட்டு.

"தாரு, இதுல இருந்த பேக்கப்..."

"புழுவா? நீங்க குளிக்கப் போனப்பவே மாத்திட்டேன். பொம்மை வெச்சப்புறம் தொடக் கூடாதே."

"எங்க அது?"

"வெற்றிலை பாக்கோட ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ரெண்டு கொடுத்தேன். மீதியை மாமி தன் வீட்டுக் கொலுவுல கொடுக்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. அட்டையை மட்டும் உருவிட்டேன். சுமங்கலிக்கு மண்டை ஓடு கொடுக்கலாமா?"

சுதர்சன் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டான். "பின்லாந்திலேர்ந்து ஒருத்தன் இதுக்காகவே வரான். அவனுக்கு என்ன காட்டுவேன்?"

"மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க. காலனி முழுக்கத் தெரியும்."

அவனுக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. "அப்போ... எல்லாரும் போட்டுக் கேட்டாங்களா?"

"எதுக்கு? பால்கனியில கயிறு கட்டித் தொங்க விட்டிருக்காங்க. வெயில்ல அது மின்னுற மின்னலுக்கு ஒரு புறாகூடக் கிட்ட வர்றதில்லை." தாரிணி வேட்டியை உதறி மடித்தாள். "ரெண்டாவது ஆல்பம் எப்போன்னு மாமி கேட்டாங்க. பின்பக்க ஜன்னல் ஒண்ணு பாக்கி இருக்காம்."