கணக்கு சாருக்கே மறுபடியும் சீட் கேட்டு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே ஒருவனைத் தவிர எல்லோரும் நலம். அந்த ஒருவன்தான் தச்சுப்பட்டறையில் மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறான். உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். கட்சியின் வேட்பாளர் தேர்வுக் குழுவில் உங்களைப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் தங்கை தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியாக எனக்கும் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கு இந்த முறை சீட் கிடையாது என்று கேள்விப்பட்டேன். மந்திரிகள் சேர்ந்து புகார் கொடுத்திருக்கிறார்களாம். நியாயமான புகார்தான். நிதி மந்திரி பட்ஜெட்டைப் படித்து முடித்ததும் இவர் எழுந்து, விடை மட்டும் போதாது, வழிமுறையையும் காட்டுங்கள் என்றிருக்கிறார். பாசன மந்திரி ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் பக்கத்து இருக்கைக்காரரின் தாளை எட்டிப் பார்த்திருக்கிறார், இவர் அவரை எழுந்து தனியாகப் போய் உட்காரச் சொன்னாராம், அவரும் போய் உட்கார்ந்தாராம். கட்சிக்கு இதெல்லாம் தலைவலி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அவருக்கே கொடுங்கள். காரணத்தை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் பிள்ளையை அவரிடம் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் உங்கள் கட்சிக்காரர்கள் நல்ல பெயருள்ள ஆளாக ஒருவரைத் தேடி வந்தபோது ஊரே அவரைக் கைகாட்டியது. அறுபதாயிரம் ஓட்டு வித்தியாசம். எதிர்த்து நின்றவரே அவருக்குத்தான் ஓட்டுப் போட்டார், ஏனென்றால் அவர் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. மேடையில் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மேல இவ்வளவு பிரியமா இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். கீழே நின்ற நாங்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். பிரியமாவது மண்ணாவது. சட்டசபைக்குப் போனால் வகுப்புக்கு வரமாட்டார், அவ்வளவுதான் விஷயம். அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடியும் அதையே செஞ்சோம்.

அவர் அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். நீ போட்ட தப்பை நீயே கண்டுபிடிக்கிற வரைக்கும் பக்கத்தில் பேசாமல் நிற்பார். மணி அடித்தாலும் நிற்பார். அந்த நிற்பு இருக்கிறதே, அது எனக்கு இன்னும் போகவில்லை. நாற்பது வயசாச்சு, இப்பவும் ஒரு கதவுச் சட்டத்தோட மூலை சரியா இருக்கான்னு அவர் சொல்லிக் கொடுத்த மூணு, நாலு, அஞ்சு முக்கோணக் கணக்குல டேப்பைப் பிடிச்சா முதுகுக்குப் பின்னால அவர் நிக்கிற மாதிரியே இருக்கு, அதனால ஒரு நூல் பிசகினாக்கூட கழட்டித் திரும்பப் பண்றேன், பட்டறையில இதுவரைக்கும் ஒரு கதவு திரும்பி வந்ததில்ல, அது வேற விஷயம். ரோடு கான்ட்ராக்டர் என்னைவிட நாலு வயது மூத்தவர். போன வருடம் நாற்பது மீட்டர் குறைத்துப் போட்டுவிட்டு பில்லோடு சாரிடம் போனார். சார் ஒன்றும் சொல்லாமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரோடு நின்றுபோன இடத்தில் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம். மறுநாள் நாற்பது மீட்டரும் முளைத்துவிட்டது.

இப்போது என் கவலைக்கு வருகிறேன். எங்களுடையது தனியார் பள்ளிக்கூடம் என்பதால் அவர் வேலை அப்படியே இருக்கிறது, நீண்ட விடுப்பில்தான் போயிருக்கிறார். நீங்கள் சீட் கொடுக்காவிட்டால் ஜூன் மாதம் வகுப்புக்கு வந்துவிடுவார். உங்கள் மருமகள், என் ஒரே பெண், ஜூனில் ஒன்பதாம் வகுப்பு. அவள் பூ மாதிரி, மச்சான். இப்போதுள்ள கணக்கு டீச்சர் ரொம்ப நல்லவர், கேள்வியை அழகாகத் திருப்பி எழுதினாலே பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவார். பிள்ளை தொண்ணூறுக்குக் குறைந்ததே இல்லை. போன வாரம் ஒரு அலமாரிக்கு எத்தனை பலகை வேணும்னு கேட்டேன், "சுமாரா போதும்ப்பா" என்றாள். அப்படிச் சந்தோஷமாக இருக்கிற குழந்தை. உங்கள் தங்கை வெளியூரில் படித்தவள், அவளுக்கு இது புரியவில்லை, ஒரு வாத்தியாருக்குப் போய் இப்படி நடுங்குவார்களா என்று சிரிக்கிறாள்.

எனவே எப்பாடுபட்டாவது அவருக்கே சீட் வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் மந்திரியாக்கித் தலைநகரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையை இதுவரை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கும்,
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தில் உள்ள சிவப்புக் கோடுகள் என்னுடையவை அல்ல. ஒட்டாத உறையோடு தபாலாபீசுக்குப் போனேன், பசை இருக்கும் மேசைக்கு முன்னால் சார் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். நான் யோசிக்கவே இல்லை மச்சான், கை தானாகக் கொடுத்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவும் கையுமாக முழுக்கப் படித்தார். நான் பக்கத்தில் நின்றேன். பிரியமாவது மண்ணாவது என்ற வரியில் கொஞ்ச நேரம் பேனா நின்றது, எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. பிறகு பையிலிருந்து சீட் கேட்டு உங்கள் குழுவுக்கு அவர் எழுதி வைத்திருந்த மனுவை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"பத்து வருஷமா சட்டசபையில பேசுறேன், ஒருத்தனும் ஒரு வார்த்தைய மனசுல வாங்கல. நீ இருபத்தாறு வருஷமா வச்சிருக்க. பொண்ணை ஜூன்ல அனுப்பு" என்றார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சரி சார் என்று சொல்லித் தொலைத்தேன்.

அங்கிருந்து நேராகத் தலைமை ஆசிரியையைப் பார்க்கப் போயிருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும், அவரை வகுப்புக்குத் திரும்பக் கூட்டி வந்தது யார் என்பதும் தெரிந்துவிடும். அதனால் மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிட்டு, அந்த சீட்டை எனக்குக் கொடுங்கள். ஜெயிப்பேனா என்று குழுவில் கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள், என்னை ஊரை விட்டு அனுப்ப இங்கே ஒரு ஓட்டுக்கூடக் குறையாது.