ரேங்க் அண்ணாச்சியும் என் ஏழு புள்ளி எட்டும்

வளைகுடாவில் எத்தனை எண்ணெய்க் கிணறு என்று கேட்டால் அரசாங்கமே கொஞ்சம் யோசிக்கலாம். எங்கள் கேம்ப்பில் எவனுக்கு எவ்வளவு சுகர் என்று கேட்டால் ரேங்க் அண்ணாச்சி யோசிக்கவே மாட்டார். தூத்துக்குடிக்காரர். புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குக் குழாய் செய்யும் யார்டில் கிரேன் ஆபரேட்டர். நான் அதே யார்டில் ஸ்டோர் கீப்பர், கும்பகோணம் பக்கம். ஒரே ரூம், அவர் கீழ்க் கட்டில், நான் மேல் கட்டில்.

வருஷா வருஷம் கம்பெனி மெடிக்கல் முடிந்து ரிசல்ட் போனுக்கு வந்துவிட்டால் போதும், பள்ளிக்கூடத்தில் பரீட்சைப் பேப்பர் கொடுக்கிற நாள் மாதிரி ஆகிவிடும். மெஸ்ஸில் எல்லோருடைய போனையும் பிடுங்கிப் பார்த்து அண்ணாச்சி ரேங்க் போடுவார்.

"கொலஸ்ட்ரால்ல வெல்டர் பாய்தான் ஃபர்ஸ்ட்டு. பிரஷர்ல நம்ம ஃபோர்மேன். ஏ எலெக்ட்ரீஷியன், உனக்கு எதுலயும் ரேங்க் இல்லியே, வெக்கமா இல்ல?"

ஐம்பதைத் தொட்டவர்களுக்கு பி.எஸ்.ஏ. என்று ஒன்று கூடுதலாக எடுப்பார்கள். புராஸ்டேட் சுரப்பியில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று கோடி காட்டுகிற ரத்தப் பரிசோதனை. நாலுக்குக் கீழே நார்மல் என்று ரிசல்ட்டிலேயே போட்டிருக்கும். அந்த வருஷம்தான் நான் முதன்முதலாக எடுத்தேன். எனக்கு ஏழு புள்ளி எட்டு. அண்ணாச்சிக்கு மூன்று புள்ளி நாலு.

"ஸ்டோரு ஃபெயிலு வே! நான் பாஸு!" என்று மெஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

நான் பெரிய தைரியசாலி. அன்று மதியமே செத்துப்போய்விட்டேன் என்று முடிவு கட்டினேன். ஊருக்குப் போன் போட்டு மனைவியிடம், "நான் எப்படிப்பட்ட புருஷன்?" என்று கேட்டேன். "குடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். பற்றறுத்த ஞானி மாதிரி என் கம்பளியைப் பிளம்பருக்குத் தானம் கொடுத்தேன். மறுநாளே, "நாத்தம் தாங்கலண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். தக்காளி நல்லது என்று எவனோ சொன்னதைக் கேட்டு, வயிறு கெட்டு பாத்ரூமே கதி என்று ஆகும்வரை தக்காளியாகத் தின்றேன்.

கடைசியில் டாக்டரிடம் போனேன். ஒரு மலையாளி அம்மா. தமிழ் நன்றாகப் பேசினார்.

"சமீபத்துல யூரின் போறப்ப எரிச்சல் இருந்துச்சா?"

ஒரு பெண்மணியிடம் இதை எப்படிச் சொல்வது? கூரையைப் பார்த்துக்கொண்டு, "வெயில்ல தண்ணி குடிக்காம இருந்துட்டேன் மேடம். எரிச்சல்தான்" என்றேன்.

சிறுநீரைச் சோதித்ததில் கிருமி இருந்தது. "இன்ஃபெக்‌ஷனாலயும் இந்த நம்பர் ஏறும். ஒரே ஒரு நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மருந்து சாப்பிடுங்க. குணமாகி சில வாரம் போகட்டும், மறுபடி எடுப்போம்" என்றார்.

மறுபடி எடுத்த ரிசல்ட்டை வாங்கப் போனபோது அண்ணாச்சியும் கூடவே வந்தார். ஃபெயிலானவன் பரீட்சையைத் திருப்பி எழுதினால் சாட்சி வேண்டுமாம். எனக்கு இரண்டாக இறங்கியிருந்தது. நான் டாக்டரைக் கும்பிடுவதற்குள் அண்ணாச்சி தன் போனை நீட்டிவிட்டார்.

"நம்மளுதையும் பாருங்க மேடம். எந்த வருசமும் ஃபெயிலானதே கிடையாது."

அந்த அம்மா பழைய ரிசல்ட்களையும் கேட்டார். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தார் மனுஷன். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒன்று புள்ளி ஒன்று. அடுத்தது ஒன்று புள்ளி ஒன்பது. இப்போது மூன்று புள்ளி நாலு. டாக்டரின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது ஏறிக்கிட்டே வருதே. ஸ்கேன் எடுக்கணும்."

"ஸ்டோருக்குத்தான மேடம் ஏழு வந்துச்சு? எனக்கு மூணுதான? நார்மல்னு போட்டிருக்கே?"

"அவரோட நம்பரை விடுங்க. உங்க நம்பரை உங்க பழைய நம்பரோட வச்சுப் பாருங்க. நார்மலுக்குள்ள இருந்தாலும் இப்படி ஏறினா என்னன்னு பாக்கணும்."

திரும்பும்போது டாக்ஸியில் அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். "ஸ்டோரு, ஒரு பயகிட்டயும் சொல்லிராதயும் வே."

என் மானத்தை மெஸ்ஸில் ஏலம் விட்டவர். பழி வாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஆனால் எனக்கு மனசு வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

ஸ்கேன், அதன்பின் பயாப்சி. புற்றுநோய்தான். பரவவில்லை, ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். லீவு போட்டு ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்து இரண்டு பேரும் அழுதோம். நான்தான் கொஞ்சம் அதிகம். வழியனுப்ப வந்தவர்கள் எனக்குத்தான் என்னவோ என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

கேம்ப்பில் கேட்டவர்களுக்கெல்லாம் பொய் சொன்னேன். வெல்டர் பாயிடம் ஹெர்னியா என்றேன். ஃபோர்மேனிடம் கிட்னியில் கல் என்றேன். எலெக்ட்ரீஷியனிடம் என்ன சொன்னேன் என்று எனக்கே மறந்துவிட்டது. மூன்று பேரும் ஒரே டேபிளில் சாப்பிட உட்கார்ந்த அன்று, பாவம், அண்ணாச்சிக்கு உலகத்தில் உள்ள அத்தனை வியாதியும் வந்துவிட்டதாகப் பேச்சானது. ரகசியத்தை இதைவிட நன்றாக யார் காப்பாற்ற முடியும்?

ஊரில் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி இன்னும் அங்கேதான். இனி பி.எஸ்.ஏ. கிட்டத்தட்ட ஒன்றுமே இருக்கக் கூடாதாம். மறுபடி ஏற ஆரம்பித்தால் அடுத்த வைத்தியம் பார்க்க வேண்டுமாம். அதனால் சில மாதங்களுக்கு ஒரு முறை டெஸ்ட். எத்தனை பேர் ரிசல்ட்டை மெஸ்ஸில் வாசித்தவர், தன் ரிசல்ட்டைத் திறக்கப் பயப்படுகிறார். "நீரே பாத்துச் சொல்லும் வே" என்று மகள் மூலம் அதை அப்படியே எனக்கு அனுப்பிவிடுவார்.

போன வாரமும் வந்தது. அன்று எனக்கும் கம்பெனி மெடிக்கல் ரிசல்ட் வருகிற நாள். யார்டில் லாரி நிற்க, டிரைவர் "ஜல்தி பாய்" என்று கத்த, குழாய் அடுக்குக்குப் பின்னால் போய் நின்று அண்ணாச்சியுடையதைத் திறந்தேன். ஏறவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். ஏறவே இல்லை. உடனே போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரி வே, உமக்கு எவ்வளவு?" என்றார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னுடையதை நான் இன்னும் திறக்கவே இல்லை.