எரிமலை நாகத்துக்குப் பொட்டு வைத்த வரலாறு

கோயமுத்தூரின் தொழில் வரலாற்றை நான்கு யுகங்களாகப் பிரிக்கலாம். முதலாவது பஞ்சாலை யுகம். இரண்டாவது பம்புசெட் யுகம். மூன்றாவது வெட் கிரைண்டர் யுகம். நான்காவது, யாரும் தொடாத அட்டை யுகம். முதல் மூன்றையும் தொடங்கி வைத்தவர் யார் என்று கேட்டால் ஊருக்குள் ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். நான்காவதில் அந்தக் குழப்பம் இல்லை. அதைத் தொடங்கியவர் ஆவாரம்பாளையம் சபரீஷ், வயது முப்பத்து நான்கு. அதற்கு முன் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்லும் வேலையில் இருந்தார். அதனால் நாட்டுக்குப் பெரிய நன்மை இல்லை என்று உணர்ந்து ஒருநாள் ராஜினாமா செய்தார். கம்பெனியும் அதே நாளில் அதே முடிவுக்கு வந்திருந்தது தற்செயல்.

தொழிலை விளக்கிவிடுவது நல்லது. ‘மாயாசுரர் யுத்தம்’ என்று ஒரு சீட்டு விளையாட்டு. பெட்டிக்கடையில் பாக்கெட் வாங்கினால் உள்ளே ஐந்து அட்டை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு அசுரன், அவனுக்கு இத்தனை பலம் என்று ஒரு எண். பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேனில் போர் நடத்துவார்கள். ஆயிரம் பாக்கெட்டுக்கு ஒன்றில் தங்க விளிம்பு போட்ட அபூர்வ அட்டை வரும். அந்த அட்டையை வாங்கப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள். பெரியவர்கள் என்றால் வயதில் மட்டும். நிபந்தனை ஒன்றுதான்: அட்டையின் நுனி மழுங்கியிருக்கக் கூடாது, கைரேகை படிந்திருக்கக் கூடாது, மொத்தத்தில் அதை வைத்து யாரும் விளையாடியிருக்கவே கூடாது. விளையாட்டுச் சாமானின் மதிப்பு விளையாடாமல் இருப்பதில்தான் இருக்கிறது என்ற இந்தப் பேருண்மையின் மேல்தான் ‘கொங்கு கலெக்டிபிள்ஸ்’ நிறுவனம் எழுப்பப்பட்டது.

நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சபரீஷ். சர்வதேச விற்பனைத் தலைவர் ஆசிப். கோட்டைமேட்டில் அத்தர் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, சபரீஷுக்குக் கல்லூரித் தோழர். செல்போனில் அட்டையைப் படமெடுத்துப் போடுவது அவர் இலாகா. ஊழியர்கள் மொத்தம் இரண்டு பேர், அவர்களும் மேற்படியார்களே.

கொள்முதல் பிரிவுதான் நிறுவனத்தின் பெருமை. முழுப் பரீட்சை நெருங்கும் மாதத்தில் சபரீஷ் காரமடை, அவிநாசி என்று பைக்கில் கிளம்பிவிடுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு வீட்டுக்கு வீடு ‘மீட்பு முகாம்’ நடக்கும். குழந்தைகளின் அழுக்குக் கைகளிலிருந்து அட்டைகளை மீட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாழ்நாள் முழுக்கப் பாதுகாப்பளிக்கும் மனிதாபிமானப் பணி அது. தாய்மார்களின் ஒத்துழைப்பைச் சொல்லி முடியாது.

“ஏனுங்க, எடைக்குப் போடறதுங்களா?” என்று கேட்டார் அவிநாசியில் ஒரு அம்மணி.

“இல்லீங்க, எண்ணித்தானுங்க வாங்கறோம்.”

“எப்படியோ கொண்டுட்டுப் போங்க. பரீட்சை முடிஞ்சு பையன் கேட்டான்னா எலி தின்னுபோட்டுதுன்னு சொல்லிக்கறேன்.”

அந்த வகையில் கொங்கு நாட்டு எலிகள் ஆற்றிய தொண்டையும் இங்கே நன்றியோடு குறிப்பிட வேண்டும்.

எந்த மேதைக்கும் ஒரு மாமனார் இருப்பார். சபரீஷின் மாமனார் திருமூர்த்தி, வெட் கிரைண்டர் பட்டறைக்காரர். முப்பது வருடமாக அரைகல்லோடு புழங்கியதில் குறைவாகப் பேசவும் அழுத்தமாகப் பேசவும் பழகியவர். பட்டறைக்கு மேலே இருந்த அறையை மாப்பிள்ளைக்கு வாடகை இல்லாமல் ஒதுக்கிக் கொடுத்தவரும் அவரே. அவருக்கு இருந்த ஒரே கஷ்டம் கல்யாண மண்டபங்களில்தான். “மாப்ள என்ன பண்றாருங்க?” என்று யாராவது கேட்டால் அவர் உடனே எழுந்து போய்ப் பந்தியில் ரசம் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்.

போன ஆயுத பூஜைக்குப் பட்டறையில் லேத்து, டிரில்லிங் மெஷின், ஸ்பேனர், தராசு, பெருக்குமாறு வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். மாடிப்படி ஏறவில்லை. பெருக்குமாறுக்குக் கிடைத்த மரியாதை தன் தொழிலுக்குக் கிடைக்கவில்லையே என்று சபரீஷ் மனசுக்குள் வெந்துபோனார். அன்று சாயங்காலம் பொரி கடலைத் தட்டை நீட்டியபடி மாமனார் சொன்னார்:

“மாப்ளே, தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்த பூஜை வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள தொழில்ல காலூணிட்டீங்கன்னா சந்தோசம். இல்லீனா கீழ கல்லுக் கொத்தற எடத்துல ஒரு ஆளு கொறையுதுங்க.”

இவ்வளவு மரியாதையான மிரட்டலை வேறெந்த ஜில்லாவிலும் கேட்க முடியாது. பதினொரு மாதம் ஓடியது. பெரிதாக ஒன்றும் விற்கவில்லை. சபரீஷுக்குக் கனவிலெல்லாம் உளிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்போதுதான் எரிமலை நாகம் அகப்பட்டது. மாயாசுரர் வரிசையிலேயே அபூர்வமான தங்க விளிம்பு அட்டை. காரமடையிலும் அவிநாசியிலும் தேடியது சொந்த வீட்டிலேயே இருந்தது. மகள் மானசா, மூன்றாம் வகுப்பு, பள்ளிக்கூட வேனில் தன்னிடமிருந்த பதினொரு அட்டைகளையும் கொடுத்து இந்த ஒன்றை வாங்கியிருந்தாள். தமிழ்ப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள். புத்தகத்தை அவள் அதிகம் திறந்ததில்லை என்பதால் அட்டை புதுக்கருக்குக் குலையாமல் இருந்தது.

காலாண்டுத் தேர்வில் கணக்குப் பரீட்சையன்று தமிழ்ப் புத்தகம் வீட்டில் இருந்தது. மகள் இல்லை. நிர்வாக இயக்குநர் தாமே நேரில் சென்று ‘மீட்பு’ நடவடிக்கையை முடித்தார். ஆவணத்தில் ‘கோவையைச் சேர்ந்த தனியார் சேகரிப்பாளரிடமிருந்து பெறப்பட்டது’ என்று பதிந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் தேடல் நடந்தது. மானசா பீரோவுக்கு அடியில் தேடினாள். அவள் அம்மா அக்ஷயா சோபாவைப் புரட்டிப் போட்டாள். சபரீஷும் டார்ச் அடித்துக்கொண்டு கட்டிலுக்கடியில் படுத்து நேர்மையாகத் தேடினார். நிறுவனத் தலைவர் ஒருவர் வாடிக்கையாளரின் துயரத்தில் இவ்வளவு தூரம் பங்கெடுத்ததாக வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

“எலி தின்னிருக்குமா கண்ணு?” என்று கேட்டுப் பார்த்தார்.

“எலி ஏம்ப்பா அத மட்டும் திங்குது? புத்தகத்தத் தின்னிருந்தா பரவால்ல,” என்றாள் மானசா. அதற்குப் பிறகு அழுதாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சபரீஷுக்குத் தோன்றியது. கல்லுக் கொத்தும் இடத்தை நினைத்துக்கொண்டார், சரியாகிவிட்டது.

நாகத்தை வாங்க ஆள் கிடைத்தார். அபிலாஷ், பெங்களூரில் வேலை பார்க்கும் பொள்ளாச்சிக்காரர். ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகவும் விஜயதசமியன்று நேரில் வந்து பார்ப்பதாகவும் பேச்சு. அதற்கு முந்தின நாளான ஆயுத பூஜையன்று தாராபுரத்தில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் கோயிலுக்குப் போகிறார்கள் என்று தகவல் வரவே, சபரீஷ் காலையிலேயே முகாமுக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் திரும்பி மாடியேறியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அறை கழுவி விடப்பட்டிருந்தது. கதவில் மாவிலை. மேஜை மேல் வாழையிலை விரித்து, அதன் மேல் நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளும் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. உறைகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொரு அசுரனின் நெற்றியிலும் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். எரிமலை நாகத்துக்கு ஐந்து தலை என்பதால் ஐந்து பொட்டு.

மாமனார் திருமூர்த்தி வேட்டியில் கையைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சபரீஷ் இதுவரை பார்த்திராத ஒரு கனிவு.

“உறை மேல பொட்டு நிக்கலீங்க மாப்ளே. அதான் ஒவ்வொண்ணா உருவி வெச்சோம். மானசாதான் சந்தனம் கொழப்பிக் குடுத்தா. ஒண்ணு உடலீங்க, எண்ணிப் பாத்துக்கங்க.”

“மாமா...” என்றார் சபரீஷ்.

“போன வருசம் உங்க சாமானத்துக்கு நான் வெக்காம உட்டுபோட்டேன். அது எம்மனச அறுத்துக்கிட்டே இருந்துதுங்க. சோறு போடற பொருளு எதா இருந்தா என்ன, தொழில் தொழில்தானுங்களே. இனிமே மண்டபத்துல கேட்டா மாப்ள அட்டைத் தொழில் பண்றாருன்னு தெளிவாச் சொல்லிப் போடுவேன்.”

சபரீஷின் கண்ணில் நீர் வந்தது. ஒரு வருடமாக ஏங்கிய அங்கீகாரம் கிடைத்ததாலா, மொத்தச் சரக்கும் ஒரே காலையில் நாசமானதாலா என்று அவருக்கே விளங்கவில்லை. மாமனார் முதல் காரணம் என்று எடுத்துக்கொண்டு அவர் தோளைத் தட்டிவிட்டுக் கீழே பூசணிக்காய் உடைக்கப் போனார்.

உடனே நிர்வாகக் குழுவின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. ஆசிப் வந்து ஒவ்வொரு அசுரனாகக் குனிந்து பார்த்தார்.

“தொடச்சுப் பாத்தியா?”

“ஒண்ண தொடச்சேன். அசுரனோட மூஞ்சியே வந்துருச்சு.”

“உங்க மாமா கைப்பழக்கம் அப்படி. சரி, அவர் வெச்ச பொட்டு நமக்கு நட்டம்னு யாருடா சொன்னது?” ஆசிப் எழுந்து நடக்கத் தொடங்கினார். “ஒலகத்துல எரிமலை நாகம் முப்பதோ நாப்பதோ இருக்கும். பூஜை பண்ணுன எரிமலை நாகம் எத்தன இருக்கு?”

“ஒண்ணு.”

“அப்பறம் என்ன? ‘ஆயுத பூஜைச் சிறப்புப் பதிப்பு’ன்னு போடறோம். வெல ரெண்டரை.”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மற்ற நானூற்றுப் பதினொன்றும் அபிலாஷ் கண்ணில் படாமலிருக்கக் கிரைண்டர் அட்டைப்பெட்டிக்குள் தலைமறைவாயின. இதற்கிடையே இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து மானசா அட்டையைத் தேடுவதை நிறுத்திவிட்டாள். கேட்கவும் இல்லை, அழவும் இல்லை. அப்புச்சி திருமூர்த்தியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே பொரி தின்றாள். குழந்தைகள் எதையும் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று சபரீஷ் மனநிறைவோடு எண்ணிக்கொண்டார்.

விஜயதசமியன்று அபிலாஷ் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டார். கண்ணில் பூதக் கண்ணாடி மாட்டிக்கொண்டார். எரிமலை நாகத்தின் மேல் குனிந்து கால் மணி நேரம் மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

“இந்தப் பொட்டு ஒரிஜினலுங்களா?”

“நூத்துக்கு நூறுங்க. பரம்பரைத் தொழில்காரர் கையால, சுத்தபத்தமா வெச்சது,” என்றார் ஆசிப்.

“உதிராதுங்களா?”

“மூச்சு மட்டும் மேல உடாதீங்க.”

அபிலாஷ் நிமிர்ந்தார். முகம் பக்திப் பரவசத்தில் இருந்தது. “ரெண்டரைக்குச் சம்மதமுங்க. ஆனா ஒரு சான்றிதழ் வேணும். யார் பொட்டு வெச்சாங்க, எதுக்கு வெச்சாங்க, அட்டை யார்கிட்ட இருந்து எப்படிக் கைமாறி வந்துச்சுன்னு, வெச்சவரே தன் கையால எழுதிக் கையெழுத்துப் போடணும். அது இல்லீனா நாளைக்கு வேற யாராச்சும் வீட்ல குங்குமத்த வெச்சுட்டு வந்து நிப்பாங்க.”

இரண்டரை லட்சம். கல்லுக் கொத்தும் இடம் சபரீஷின் கண்முன்னாலேயே தூரமாய்ப் போய் மறைந்தது. ஆசிப் பத்தே நிமிடத்தில் நிறுவனத்தின் பேர் போட்ட தாளில் ஒரு படிவம் அச்சிட்டுக் கொண்டுவந்தார். ‘கைமாறிய விதம்’ என்ற இடத்தில் ‘தனியார் சேகரிப்பு’ என்று எழுதினால் போதும் என்பதை மாமாவுக்கு எடுத்துச் சொல்ல சபரீஷ் கீழே போனார்.

திருமூர்த்தி பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மானசா இருந்தாள். அவர் படிவத்தை வாங்கி முழுசாகப் படித்தார்.

“கையெழுத்துப் போட்டா ஏவாரம் முடிஞ்சுதுங்களா மாப்ளே?”

“முடிஞ்சுதுங்க மாமா. அந்த கைமாறுன எடத்துல மட்டும்...”

“நாம் பாத்து எழுதறனுங்க. நீங்க மேல போயி வந்தவருக்குக் காப்பி குடுங்க.”

இவ்வளவு மரியாதையாகச் சொன்ன பிறகு மறுத்துப் பேச ஆவாரம்பாளையத்தில் எந்த மாப்பிள்ளைக்கும் வாய் வராது. சபரீஷ் மேலே போய்க் காப்பி கொடுத்தார். காப்பி ஆறுவதற்குள் மானசா படியேறி வந்தாள். தாளை அப்பாவிடம் தராமல் நேரே அபிலாஷிடம் நீட்டினாள். நீட்டிவிட்டு மேஜை மேலிருந்த எரிமலை நாகத்தை, கையுறை இல்லாமல், ஐந்து விரலும் பதியும்படி எடுத்துக்கொண்டாள்.

அபிலாஷ் பதறிப்போய், தடுப்பதா படிப்பதா என்று தெரியாமல், சத்தமாகவே படித்துவிட்டார்.

“பொட்டு வைத்தவர்: ப. திருமூர்த்தி, வெட் கிரைண்டர் உற்பத்தியாளர், ஆவாரம்பாளையம்.

பொட்டு வைத்த காரணம்: மாப்பிள்ளை தொழில் செய்கிறார் என்று நம்பியதால்.

அட்டையின் முந்தைய உரிமையாளர்: என் பேத்தி ச. மானசா, மூன்றாம் வகுப்பு, ‘பி’ பிரிவு.

கைமாறிய விதம்: உரிமையாளர் கணக்குப் பரீட்சை எழுதப் போயிருந்த நேரத்தில்.”