மூன்றரை மணிக்காரரும் சின்னக் குளிசையும்

பெரகல,
12.11.1985

கண்ணியத்துக்குரிய மச்சான் ஜுனைதீன் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வெல்லவாயாவுக்குச் சரக்கெடுக்கப் போய் எங்களைப் போலவே மலேரியாவோடு பதுளைக்குத் திரும்பியிருக்கிறீர்கள். மூன்று நாள் மருந்தில் காய்ச்சல் விட்டுவிட்டது, மிச்சமிருக்கும் பதினாலு நாள் குளிசையையும் விழுங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் தங்கையும் நானும் ஆளுக்கொரு வகை தின்றவர்கள். ஆகவே இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் ஊவாவிலேயே இல்லை.

முதலில் காய்ச்சலைப் பற்றி. எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒன்றுவிட்டொரு நாள், பிற்பகல் மூன்றரைக்கு, ஒரு மனுசனோடு வந்தது. கறுப்புக் கம்பளி போர்த்தவர். எங்கள் கடைக்குள் வந்து சீனி மூட்டையில் உட்காருவார், உடனே எனக்குப் பல் கிட்டும். கொட்டுகிற மழையில் வந்தாலும் கம்பளி நனைந்திருக்காது. ஒரு நெருப்புப் பெட்டிகூட வாங்க மாட்டார், அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்தால், உள்ளே படுத்திருந்த ஸகீனா, "அந்த மனுசனுக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்கிறாள். கொதிக்கக் கொதிக்க வைத்தேன். நான் கையை எடுக்குமுன் அது பச்சைத் தண்ணியாகிவிட்டது. பயந்துதான் போனேன், மச்சான்.

ஸகீனா தோட்டத்து டிஸ்பென்சர் கந்தப்பனிடம் போனாள். மூன்று நாளைக்குக் கசப்பு குளோரோக்குயின், கூடவே பதினாலு நாளைக்குச் சின்னக் குளிசை, பிரைமாக்குயின். "காச்ச விட்டாலும் ஈரல்ல ஒளிஞ்சு கெடக்குங்க, சின்னத நிப்பாட்டிறாதீங்க" என்றாராம். வயிறு புரளப் புரள ஒரு நாள் விடாமல் விழுங்கினாள். நானோ பண்டாரவளையில் பெரிய டொக்டரிடம் காட்டியவன். ஒரே குளிசைக்குள் இரண்டு மருந்து கலந்த புதுச் சாமான். மூன்றை ஒரேயடியாக விழுங்கினேன், கம்பளி மனுசன் அடுத்த முறைக்கு வரவில்லை. டொக்டரும் அதே சின்னக் குளிசையைக் கட்டிக் கொடுத்தார்தான். கல்யாணம் முடிந்த பிறகு பந்தலெதற்கு என்று வீசிவிட்டேன். இரண்டு மாதமாகக் கல்லுப் போல இருக்கிறேன். ஆகவே நீங்களும் அந்தப் பதினாலு நாள் தொல்லையை, முசீபத்தைக் குப்பையில் போடுங்கள். ஸகீனா வேறு மாதிரிச் சொல்வாள். உங்கள் தங்கைதானே, அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

மதினிக்கு எங்கள் சலாம். பிள்ளைகளின் ஆயுளை அல்லாஹ் நீட்டித் தரட்டும்.

இப்படிக்கு,
மச்சான் மொஹிதீன்

பி.கு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். சின்னக் குளிசையைப் பதினாலு நாளும் விழுங்குங்கள், ஒன்றுகூட விடாதீர்கள். சற்றுமுன் மூன்றரைக்கு அவர் வந்துவிட்டார். எழுத்து கோணியிருப்பது குளிரில். ஸகீனாவுக்கு மூட்டைதான் தெரிகிறதாம், ஆள் தெரியவில்லை. அவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. இன்றைக்குத்தான் முதன்முதலாக வாய் திறந்தார். கடிதம் யாருக்கு என்று கேட்டார். நான் சொல்லவில்லை, மச்சான், சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் உறையில் உங்கள் விலாசத்தை எழுதி, மை காய மேசையில் வைத்திருந்தேன்.