வால்வைப் பிடித்த கை

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே நாங்கள் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, எழுந்துகொண்டிருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் அப்படியே இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். நான் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் உங்கள் தங்கை போனைப் பிடுங்கிக்கொள்கிறாள்; அப்புறம் அதில் என் பங்கு பின்னாலிருந்து இருமுவதோடு சரி. அதனால்தான் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பேனாவைத் திட்டவும்.

மச்சான், உங்கள் காருக்கு இந்தக் கதி வரும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மாற்றலாகிப் போகும்போது நீங்கள், "ரெண்டு தங்கச்சி வீட்டிலயும் யாரு வண்டியை நல்லாப் பார்த்துக்கிறாங்களோ அவங்களே வச்சுக்கட்டும், லீவுக்கு வரும்போது முடிவு பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஷெட் இருக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காகச் சாவியைச் சகலை கையில் கொடுத்தீர்களே, அப்போதே சொன்னேன். மனசுக்குள்தான் சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொன்னேன். எஞ்சினுக்குப் பின்பக்கம் கை போகாத இடத்தில் ஒரு வால்வு கெடும், அதைப் பார்த்து எல்லோரும் முழிப்பார்கள், கடைசியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். ஷெட் வைத்திருப்பவனெல்லாம் வண்டி வளர்க்க முடியுமா?

போன மாதம் வண்டி நின்ற இடத்திலேயே நடுங்க ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் குளிர்ஜுரக்காரன் மாதிரி உதறும். உள்ளேயிருந்து பிரஷர் குக்கர் விசிலடிக்கப் போகும்போது வருமே, அப்படி ஒரு மெல்லிய ஊளை. ஆயிலோ ஊற்ற ஊற்றப் போன இடம் தெரியவில்லை. உங்களுக்கே தெரியும், நான் லாரி புக்கிங் ஆபீஸில் பல வருஷம் ரசீது எழுதியவன். எந்த லாரியும் என்னைப் பார்த்து ஹாரன் அடிக்காமல் போனதில்லை. அதில் ஒன்றிரண்டு நான் நடுரோட்டில் நின்றதற்காக அடித்திருக்கலாம். அந்த அனுபவத்தில் ஊளையைக் கேட்டதும் புரிந்துவிட்டது. இருந்தாலும் ஊர் வாயை அடைக்க மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவன் காது வைத்துக் கேட்டுவிட்டு, எஞ்சினுக்குள் தேங்கும் ஆவியை வெளியே இழுக்கிற குட்டி வால்வு போய்விட்டது என்றான். பிளாஸ்டிக் சாமான், கட்டைவிரல் உயரம். "வால்வு சின்னது சார். அது உக்காந்திருக்கிற இடந்தான் வில்லங்கம். வண்டியை விட்டுட்டுப் போங்க, கை காலியானதும் பார்க்கிறேன்" என்றவன், என் கையைப் பார்த்தான். சகலையின் கையைப் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை சொன்னான் பாருங்கள்: "இந்த சார் கைன்னா உள்ள போயிடும். வீட்டிலயே மாத்திடலாம்."

எந்த சார் கை என்று நான் எழுதத் தேவையில்லை. சகலை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊசி குத்துகிறவர். கண்ணுக்குத் தெரியாத நரம்பை விரல் நுனியால் தேடிப் பிடிக்கிற உத்தியோகம். அதற்கென்று அளவெடுத்துச் செய்த மாதிரி ஒல்லியான கை. என் கை அப்படி இல்லை. நாலு பேருக்குக் கொடுத்துக் கொடுத்துப் பருத்த கை. ஆனால் மெக்கானிக் சொன்ன அந்த ஒரு வார்த்தை வீடு வருவதற்குள் இரண்டு தங்கைகள் காதிலும் விழுந்துவிட்டது. உங்கள் மூத்த தங்கை என்னும் என் மனைவி அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் என் கையில் அவள் பார்த்தது பால் பாக்கெட் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டு ஷெட்டில் ஆப்பரேஷன். அவரைத் தனியாக விட்டிருந்தால் வண்டியைப் பாழாக்கியிருப்பார் என்பதால் நான் முன்னின்று நடத்தினேன். அவர் என்ன செய்கிறார் என்றால், மேலே இருக்கிற காற்றுக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். ஊசி குத்தின இடத்தில் ஒட்டுவார்களே சின்னப் பிளாஸ்திரி, அதை இரண்டு பக்கமும் ஒட்டி எது எங்கே சேர வேண்டும் என்று எழுதுகிறார். பார்ப்பதற்கு எஞ்சின் விபத்தில் அடிபட்ட ஆள் மாதிரி இருந்தது. போல்ட்டுகளைக் கழற்றின வரிசையில் ஒரு தட்டில் அடுக்கினார். தட்டு அலங்கோலமாக இருக்கிறதே என்று நான் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கொட்டிக் குலுக்கி வைத்தேன். அதற்கு ஒரு நன்றி வேண்டாமா? "பரவாயில்ல அண்ணே, அளவு பார்த்துப் பிரிச்சுக்கலாம்" என்று சிரிக்கிறார். இந்தச் சிரிப்புதான் மச்சான், எனக்கு ஆகவே ஆகாது. கோபம் வந்தால் திட்ட வேண்டும். அதுதானே மனுஷத்தனம்.

இறுகின போல்ட் ஒன்று வந்தது. அதனிடம் பேசுகிறார். "கொஞ்சந்தான், கொஞ்சந்தான். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்காதீங்க." போல்ட்டும் வெட்கமில்லாமல் கழன்று வருகிறது. நான் டார்ச் பிடித்தேன். எஞ்சின் வேலையில் டார்ச்தான் உயிர்நாடி என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"அண்ணே, வெளிச்சம் என் மூஞ்சியில அடிக்குது. வால்வு கீழ இருக்கு."

"மூஞ்சி தெரிஞ்சாத்தானே சகல, நீங்க சரியாப் பண்றீங்களான்னு எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்து என் மனைவி டீ கொண்டுவந்தாள். முதல் டம்ளர் யாருக்கு? "பாவம், எவ்வளவு அழுக்காயிட்டீங்க" என்று அவருக்கு. எனக்கு இரண்டாவது டம்ளர், கூடவே, "நீங்க டார்ச்சை அணைச்சுட்டுக் குடிங்க, பேட்டரி வீணாப் போகுது." நானும் கொஞ்சம் கிரீஸை எடுத்துக் கன்னத்தில் தடவிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

அவள் உள்ளே போன கையோடு பழைய வால்வு வந்துவிட்டது. எஞ்சினுக்கும் பின்னால் இருக்கிற தகரச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு தடவி எடுத்தார். ரப்பர் எல்லாம் காய்ந்து வறட்டியாகியிருந்தது. நல்லது, எடுத்தாயிற்று, புதியதை மாட்டுகிற கௌரவத்தை மூத்தவனிடம் விடலாம் இல்லையா? விட்டாரா? இங்கேதான் மச்சான், சகலையின் உண்மையான குணம் வெளியே வந்தது. எனக்கு எங்கே பேர் வந்துவிடுமோ என்ற பொறாமையில், புது வால்வை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாகக் கையைச் சந்தில் திணித்தார். போன கை வரவில்லை. இழுக்கிறார், முறுக்குகிறார், வண்டியே ஆடுகிறது. ஒரு அலறல் பாருங்கள், எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

நான் பதறவே இல்லை. டீ டம்ளரைக் கார் கூரைமேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, "ஒண்ணும் இல்ல. மூச்சை இழுத்து விடுங்க. கையில என்ன வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வால்வு."

"அதை விட்டுடுங்க. முஷ்டியைத் திறந்தா கை தானா வரும்."

"விட்டா நீங்க மாட்டிடுவீங்க."

கை எஞ்சினுக்குள், கண்ணில் தண்ணீர், அப்போதும் இந்தப் பேச்சு. எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்தால் ஒரு மனுஷன் அப்படிச் சொல்வான், நீங்களே யோசியுங்கள். நான் கோபப்படவில்லை. சோப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, நல்ல வார்த்தை சொல்லி, விரல் விரலாக விட வைத்தேன். கை வந்தது, புறங்கைத் தோல் மட்டும் கொஞ்சம் அங்கேயே தங்கிவிட்டது. விழுந்த வால்வை எடுத்து மாட்டி, ஒரு சின்னத் திருப்பு, டக்கென்று உட்கார்ந்தது. தங்கைகள் ஓடிவருவதற்குள் சகலை கையில் துணிக்கட்டு. "என் கைதான் மாட்டிக்கிச்சு. அண்ணன்தான் எடுத்துவிட்டாரு" என்று அவர் வாயாலேயே சொன்னார். சந்தேகம் இருந்தால் அவருக்கே போன் போட்டுக் கேளுங்கள், மாற்றிச் சொல்ல மாட்டார்.

வண்டியை ஸ்டார்ட் செய்தோம். உதறல் இல்லை, ஊளை இல்லை. பால் குடித்த குழந்தை மாதிரி இருக்கிறது. ஆகவே மச்சான், முடிவு உங்கள் கையில். பொறாமைக்காரர் ஒருவர் கையில் அருமையான வண்டி இருக்கலாமா, அல்லது நெருக்கடியில் நிதானம் இழக்காத ஒருவர் வீட்டு வாசலில், ஷெட் இல்லாவிட்டாலும் ஒரு தார்ப்பாய் போர்த்தி, இருக்கலாமா? நான் வாய் திறந்து கேட்கிறவன் இல்லை.

இங்கே வேறு விசேஷம் இல்லை. வெயில் கொளுத்துகிறது. நான் விரல்வரை வருகிற முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது வயதுக்குக் கம்பீரம். ஸ்பூனால் சாப்பிடவும் பழகிக்கொண்டேன். "என்ன திடீர்னு தொரை மாதிரி?" என்கிறாள் உங்கள் தங்கை. நாகரிகம் அவளுக்கு எங்கே புரியும்?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைவிடப் பெரிய ஆளாக இல்லாவிட்டாலும் என் அளவுக்காவது வரட்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சகலை வந்தார். என் மனைவி கடைக்குப் போகும்வரை காத்திருந்து, என் சட்டைக் கையை மடித்துவிட்டு, புறங்கைப் புண்ணைத் துடைத்து மருந்து போட்டார். "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் அண்ணே" என்றார். பிறகு, ஒரு கீறல்கூட இல்லாத தன் கையில் இருந்த பழைய கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புதுத் துணியாகச் சுற்றிக்கொண்டார். வழியில் அவள் பார்த்தால் சந்தேகப்படக் கூடாதாம். அதோடே டாட்டா காட்டிவிட்டுப் போகிறார்.

ஆகையால் மச்சான், மேலே எழுதினதில் ஒரே ஒரு திருத்தம். மாட்டிக்கொண்ட கை என்னுடையது. அவர் கை கழுவ உள்ளே போன நேரத்தில் நான்தான் வால்வோடு கையைச் சந்தில் திணித்தேன். விட்டா நீங்க மாட்டிடுவீங்க என்றதும் நான்தான். இது இடதுகை எழுத்து, பேனா நல்ல பேனா. அந்தப் பொய்யாவது என் சொந்தச் சரக்கு என்று நினைத்தீர்களானால் அதுவும் இல்லை, தங்கைகள் வருவதற்குள் அவர்தான் யோசித்துச் சொன்னார். பொய்யிலும் என்னை முந்திவிட்ட ஆளை வேறு என்ன செய்வது? வண்டி அவரிடமே இருக்கட்டும். இன்னொரு சாவி உங்களிடம் இருக்கிறதே, அதை மட்டும் எனக்கு அனுப்பிவைக்கவும். ஒரேயடியாக விட்டுப் பழக்கமில்லை.